பேருக்கு முதலாளி

அறுபதுகளின் தொடக்கத்தில் சென்னையில் பொருளாதாரம் படித்து முடித்துவிட்டு நான் சிவகாசிக்கு வந்தேன். வேலை தேடி வரவில்லை, வேலையோடுதான் வந்தேன். என் பேராசிரியர் ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். தீப்பெட்டித் தொழில் நடக்கும் ஊர்களில் யாருக்கு எவ்வளவு வருமானம் வருகிறது, இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் உள்ள தூரம் கூடுகிறதா குறைகிறதா என்பதுதான் அவருடைய கேள்வி. அந்தப் பக்கத்துப் பெண் என்பதால் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிவர என்னை அனுப்பினார்.

என் அக்கா சிவகாசியில் ஆஸ்பத்திரி நர்ஸ். அப்பா விருதுநகரில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து இறந்தவர். அம்மா அதற்கும் முன்பே போய்விட்டாள். அக்காவின் சம்பளத்தில்தான் நான் படித்தேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் அவளுக்குக் கொடுத்திருந்த ஒற்றை அறை வீட்டில் நானும் போய் ஒட்டிக்கொண்டேன். அக்கா அதிகம் பேச மாட்டாள். வேலை முடிந்து வந்ததும் கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவாள். தீக்காயக்காரர்கள் வந்த நாட்களில் கழுவிக்கொண்டே இருப்பாள். நான் தண்ணீர் ஊற்றுவேன்.

என் வேலையைப் பற்றி அவளுக்குப் புரியவைக்கப் பார்த்தேன். தீப்பெட்டிக்கு அரசாங்கம் தீர்வை என்று ஒரு வரி வாங்குகிறது. மெஷின் வைத்துச் செய்யும் பெரிய தொழிற்சாலைக்குத் தீர்வை அதிகம். கையால் செய்யும் சிறிய பட்டறைக்குக் குறைவு. மிகச் சிறியதற்கு இன்னும் குறைவு. பெரியவனோடு போட்டி போட்டுச் சின்னவன் பிழைக்க வேண்டும் என்பதற்காகக் கொடுத்த சலுகை அது. இதனால் ஒரே ஆளிடம் குவியும் பணம் நாலு பேர் கைக்குப் போகும் என்று என் பேராசிரியர் நம்பினார். நானும் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் வேதப் பாடம் சொல்லிக் கொடுத்ததைப் போல, வரி என்பது அநீதியைச் சரிசெய்யும் கருவி என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அக்கா கேட்டுவிட்டு, "நாலு பேருக்குப் போனா நல்லதுதான்" என்றாள். பிறகு விளக்கைக் குறைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

நான் கேட்டு எழுத வேண்டிய ஊர்களில் ஒன்று ஆமத்தூருக்கும் சிவகாசிக்கும் இடையில், தார் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. கரிசல் காடு. மழை பொய்த்த வருடங்களில் விவசாயக் கூலி வேலை போய், ஊரே தீப்பெட்டி வேலைக்குத் திரும்பியிருந்தது. வீட்டு வாசல்களில் பெண்கள் மடியில் அட்டையை வைத்துப் பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பார்கள். பசைச்சட்டியின் புளித்த வாடை தெரு முழுக்க இருக்கும். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போனால் என் சேலையிலும் அது ஏறிவிடும்.

முதல் நாள் நான் போன வீட்டில் ஒரு புருஷன், பெண்டாட்டி, ஒரே மகள். அவர் கம்பெனியில் மருந்து முக்குபவர். மரச்சட்டத்தில் அடுக்கிய குச்சிகளின் நுனியை மருந்தில் தோய்த்து எடுப்பது அவருடைய வேலை. அவள் வீட்டிலிருந்தே பெட்டி ஒட்டினாள். மகளுக்குப் பதினான்கு வயதிருக்கும். அப்பாவின் கம்பெனியிலேயே குச்சிகளைப் பெட்டியில் அடைத்தாள்.

நான் வழக்கம்போல முதலில் அவருடைய தொழிலைக் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். பெண்டாட்டிதான் பதில் சொன்னாள்.

"மொதலாளின்னு எழுதுங்க டீச்சர்."

நான் டீச்சர் இல்லை என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். படித்த கிறிஸ்தவப் பெண் என்றால் ஒன்று டீச்சர், இல்லாவிட்டால் நர்ஸ். அந்த ஊருக்கு வேறு தெரியாது. அதோடு விட்டுவிட்டேன்.

"விளையாடாதீங்க. கூலியா, மாதச் சம்பளமா?"

"நெசமாத்தான் சொல்லுதேன். லைசென்சு இவுக பேருலதான் இருக்கு. தீர்வை ஆபீசுல போய்க் கேட்டுப் பாருங்க. இந்தத் தெருவுக்கே இவுகதான் மொதலாளி. வாரக் கடைசியில அண்ணாச்சி வீட்டு வாசல்ல போயி நின்னு கூலி வாங்கிட்டு வர்ற மொதலாளி."

தெருவில் போன ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, "என்ன மொதலாளி, ஆர்டர் குடுக்க ஆள் வந்திருக்காகளா?" என்று கேட்டுக்கொண்டே போனார். வீட்டுக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. பழகிப் போயிருந்தது.

அவரே பிறகு விளக்கினார். அண்ணாச்சி என்று அவர்கள் சொன்ன முதலாளிக்கு ஊருக்கு வெளியே ஒரு நீளக் கொட்டகை இருந்தது. இரண்டு பக்கமும் வாசல் வைத்துக் கட்டியது. அப்போது அது ஒரே கம்பெனி. சின்ன கம்பெனிக்குத் தீர்வை குறைவு என்றான பிறகு அண்ணாச்சி கொட்டகைக்குள் குறுக்குச் சுவர்கள் எழுப்பி நாலாகப் பிரித்தார். ஒன்று அவர் பேரில். ஒன்று அவருடைய வீட்டம்மா பேரில். ஒன்று மருமகன் பேரில். நாலாவதற்கு வீட்டில் ஆள் இல்லை. நம்பிக்கையான வேலைக்காரன் என்று இவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள்.

"எதுக்குன்னு கேக்கலையா?"

"கேட்டேன் டீச்சர். 'உன் பேரு கவர்மெண்டுல ஏறுது, சந்தோசப்படு'ன்னாரு. மாட்டேன்னா மறுநாளு வேலைக்குப் போக முடியாதுல்லா."

அன்று மாலை நான் அண்ணாச்சியையும் போய்ப் பார்த்தேன். நெற்றி நிறைய விபூதியோடு இருந்தார். எனக்கு நாற்காலி போடச் சொல்லிக் காபி கொடுத்தார். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டுக் கொடுத்தவர் அவர்தான். நான் கேட்டதற்கு எதையும் மறைக்கவில்லை.

"சட்டம் என்ன சொல்லுதும்மா? சின்னதா இருந்தா சலுகைங்குது. அப்ப நாங்க சின்னதா இருக்கோம். பெருசா இருந்தாத்தான தப்பு?" என்றார். "இந்தப் பக்கம் எல்லாரும் இப்படித்தான். நான் மட்டும் செய்யாட்டி என் சரக்கு விலை போகாது. கம்பெனியை மூடினா இந்த ஊரு எங்க போகும், நீங்களே சொல்லுங்க."

 அவர் சொன்ன கணக்கில் தவறு இருப்பதாக அன்று எனக்குத் தோன்றவில்லை. திரும்பி வந்து அந்த மருந்துக்காரரைக் கூலிக்காரர் என்ற பத்தியில் எழுதிவைத்தேன்.

அதன்பிறகு ஒரு வருடத்துக்கு மேல் வாராவாரம் அந்த ஊருக்குப் போனேன். ஒரு வீட்டுக்கு என்ன வருகிறது, என்ன போகிறது என்பதை ஒரே நாளில் கேட்டால் யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். திரும்பத் திரும்பப் போக வேண்டும். போகப் போக அந்த வீட்டில் என்னைத் தரையில் உட்காரவைத்தே பேசும் அளவுக்குப் பழகிவிட்டோம். "சாப்பிட்டீகளா டீச்சர்" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் கம்பங்கஞ்சி ஊற்றி வைப்பாள்.

மகள் துறுதுறுவென்று இருப்பாள். அச்சில் நிறம் மாறிப்போய் ஒதுக்கிய தீப்பெட்டி லேபிள்களைக் கொண்டுவந்து மண்சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். பச்சைப் புலி, நீலக் கிளி, தலை இரண்டாகத் தெரியும் யானை. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியிருந்தார்கள். லேபிள்களில் இருக்கும் இங்கிலீஷ் எழுத்துகளைத் தொட்டுத் தொட்டு என்னிடம் கேட்பாள். ஒருமுறை, "மெட்ராசுல எங்க கம்பெனிப் பெட்டியப் பாத்திருக்கீகளா?" என்று கேட்டாள். நான் பார்த்ததில்லை. அடுத்த முறை சென்னைக்குப் போனபோது ஞாபகமாகத் தேடினேன். ஒரு வெற்றிலை பாக்குக் கடையில் கிடைத்தது. அதை அவளிடம் சொன்னபோது வேலை செய்துகொண்டிருந்த அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நான் அடைச்ச பெட்டியா இருக்கும்மா" என்றாள்.

"ஆமா, உன் பேரு போட்டிருந்துச்சாம்" என்றாள் அம்மா.

வெயில் காலத்தில் அது நடந்தது.

நான் அன்று காலை பஸ்ஸில் வந்து இறங்கி, அந்த வீட்டு வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் பெட்டி ஒட்டிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். கம்பெனிப் பக்கத்திலிருந்து துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. வெடிச் சத்தம் இல்லை. அவள் கை நின்றது. அந்தச் சத்தத்தை நான் அறிந்திருக்கவில்லை. அந்தத் தெருவில் இருந்த எல்லாப் பெண்களும் அறிந்திருந்தார்கள். ஒருத்தியும் கத்தவில்லை. மடியில் இருந்த அட்டைகள் சிதற எழுந்து ஓடினார்கள். நானும் பின்னால் ஓடினேன்.

கொட்டகையின் ஓட்டுக்கு மேலே வெள்ளையாகப் புகை வந்துகொண்டிருந்தது. நாலாகப் பிரித்ததில் நடுவே இருந்த இரண்டு அறைகளில் ஒன்றுதான் அவர் பேரில் இருந்த கம்பெனி. பழைய கொட்டகையில் இரண்டு பக்கமும் வாசல் இருந்தது என்றேன் அல்லவா? குறுக்குச் சுவர் எழுப்பியபோது இந்த அறைக்குப் பக்கவாட்டில் ஒரே ஒரு வாசல்தான் வைத்தார்கள். தனித்தனிக் கம்பெனி என்று காட்டுவதற்காகச் சுவரை ஓடு வரைக்கும் ஏற்றிக் கட்டியிருந்தார்கள். வாசலை ஒட்டி, காயவைத்த குச்சிச் சட்டங்கள் அடுக்கியிருந்தன. தீ அங்கேதான் பிடித்தது. உள்ளே இருந்தவர்களுக்கு வேறு வழி இல்லை.

அவர் வெளியே மருந்துக் கொட்டடியில் இருந்திருக்கிறார். ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போனார். சிலரை இழுத்துப் போட்டார். மகளையும் அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். வெளியே கொண்டுவந்து தரையில் இறக்கப் பார்த்தபோது இறக்க முடியவில்லை. அவருடைய கைகளின் தோல் அவளுடைய பாவாடையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

லோடு ஏற்ற வந்திருந்த லாரியில் எல்லோரையும் போட்டுச் சிவகாசிக்குக் கொண்டுபோனோம். அந்தக் காலத்தில் அந்த ரோடு எப்படி இருக்கும் என்று இப்போது சொன்னால் புரியாது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் லாரிக்குள் இருந்து ஒரு சத்தம் வரும். நான் அவள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் மகளைத் தொடவில்லை. எங்கே தொடுவது என்று தெரியாமல் கையை அவள் முகத்துக்கு மேலே வெறும் காற்றில் வைத்துக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அக்கா நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். பார்த்தது போலக் காட்டிக்கொள்ளவில்லை. "நீ வாளி எடுத்துத் தண்ணி கொண்டா" என்று மட்டும் சொன்னாள். அன்று முழுக்கத் தண்ணீர் சுமந்தேன். அந்த அறையில் இருந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் பிழைக்கவில்லை.

மறுநாள் காலையில் ஆண்கள் வார்டில் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். முதலில் வாக்குமூலம் வாங்க வந்தவர் என்று நினைத்தேன். காவலுக்கு வந்தவர் என்று பிறகு தெரிந்தது. கம்பெனி உரிமையாளரைக் கைது செய்திருந்தார்கள். உரிமையாளர் அவர்தான்.

பகல் பொழுதில் மகளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. அக்கா பெண்கள் வார்டிலிருந்து நேரே ஆண்கள் வார்டுக்கு வந்தாள். கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தவரைத் தோளோடு சேர்த்துத் தூக்கி உட்காரவைத்தாள்.

"எங்க சிஸ்டர் கூட்டிட்டுப் போறீக? கேஸ் இருக்கு" என்றார் போலீஸ்காரர்.

"கேஸ் எங்கயும் ஓடாது. அந்தப் பக்கம் பிடிங்க. இவரால தனியா நடக்க முடியாது."

 போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி ஸ்டூலில் வைத்துவிட்டு இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டார். மூன்று பேருமாக வராந்தாவைக் கடந்து போனார்கள். அவர்கள் போனபோது மகளுக்கு நினைவு இருந்தது. "அப்பா, தண்ணி" என்றாள். அவரால் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அக்கா பஞ்சை நனைத்து அவள் உதட்டில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது.

அண்ணாச்சி அவரை ஜாமீனில் எடுத்தார். வக்கீலும் அவர்தான் வைத்தார். ஆஸ்பத்திரிச் செலவு, மகளை அடக்கம் செய்த செலவு எல்லாம் அவர் கொடுத்தார். அடக்கத்துக்கு வந்து ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீர் பொய் என்று என்னால் சொல்ல முடியாது.

செத்துப்போனவர்களின் குடும்பங்களுக்கு நஷ்ட ஈடு கேட்டு மனுப் போட வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மனுவில் கம்பெனி முதலாளியின் பெயரை எழுத வேண்டும். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அந்தத் தீயில் தங்கை போயிருந்தாள். அவள் ஒருநாள் வந்து இவர்கள் வாசலில் நின்றாள். நான் உள்ளே இருந்தேன்.

"மதினி, மனுவுல அண்ணன் பேரத்தான் போடணுமாம். வேற பேரு போட்டா எடுக்க மாட்டாகளாம்" என்றாள். "மனசுல வச்சுக்கிடாதீக."

மருந்துக்காரரின் பெண்டாட்டி எழுந்து உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"போட்டுக்க. நீ என்ன செய்வ."

அந்தப் பெண் தண்ணீரைக் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "உங்க பிள்ளைக்கு யாருகிட்ட மனுப் போடுவீக?" என்று கேட்டாள். அவள் குத்திக் காட்டக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

முதலாளியின் மகளுக்கு யாரும் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டியதில்லை. சட்டப்படி அந்தச் சாவு கணக்கில் வராது. நான் இதை ஒரு வக்கீலிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். கேட்கும்போதே அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "உங்களுக்கு என்னம்மா உறவு?" என்றார்.

எனக்கு அப்போது ஒரே ஒரு காரியம் செய்ய முடியும் என்று தோன்றியது. வாராவாரம் அந்த வீட்டில் உட்கார்ந்து எழுதியவள் நான். அவர் கூலிக்காரர் என்பதற்கு என்னைவிட நல்ல சாட்சி கிடையாது. கோர்ட்டில் ஏறிச் சொல்லத் தயாராக இருந்தேன். அக்காவிடம் சொன்னபோது அவள் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சொல்லு. ஆனா முதல்ல அவர்ட்ட கேட்டுட்டுச் சொல்லு" என்றாள்.

போய்க் கேட்டேன். கட்டுப் பிரித்திருந்தார்கள். விரல்கள் உள்ளங்கையை நோக்கி வளைந்து அப்படியே இறுகியிருந்தன. பெண்டாட்டிதான் சோறு ஊட்டினாள்.

"வேண்டாம் டீச்சர்" என்றார்.

"ஏன்? உண்மையைத்தான சொல்லப்போறேன்."

"நீங்க உண்மையச் சொன்னா என்ன ஆகும்? பொய்க் கையெழுத்துப் போட்டு கவர்மெண்ட ஏமாத்துனேன்னு அது ஒரு கேஸ் வரும். வக்கீல் சொல்லிட்டாரு. அண்ணாச்சியும் கைய விட்டுருவாரு. ஒத்துக்கிட்டா கொஞ்ச நாளு. வெளிய வந்தா வேற கம்பெனியில உக்கார வச்சுப் பாத்துக்கிடுதேன்னு சொல்லியிருக்காரு. இந்தக் கைய வச்சுக்கிட்டு நான் வேற எங்க போறது?"

"செய்யாத தப்புக்கா?"

 பெண்டாட்டிதான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "விட்டுருங்க டீச்சர். பிள்ளையே போயிருச்சு."

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் விசாரணை நடந்தபோது நான் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மாஜிஸ்திரேட் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். குரலை உயர்த்தவில்லை. ஒரே வாசல் வைத்து ஆட்களை வேலைக்கு விட்டது தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றார் மருந்துக்காரர். ஆபத்து என்று தெரிந்தும் ஏன் இன்னொரு வாசல் வைக்கவில்லை என்று கேட்டார். இவர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார்.

"வைக்கணும்னு தோணலைங்கய்யா" என்றார்.

சொந்த மகளும் அதில் இறந்ததைக் கருத்தில் கொண்டு தண்டனையைக் குறைத்திருப்பதாக மாஜிஸ்திரேட் சொன்னார். மருந்துக்காரரை வேனில் ஏற்றியபோது கம்பியைப் பிடித்து ஏற முடியவில்லை. போலீஸ்காரர்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள்.

அதற்கு அடுத்த மாதம் நான் சென்னைக்குப் போனேன். ஆய்வு முடியும் தறுவாயில் இருந்தது. அட்டவணைகளைத் தயாரித்துவிட்டார்கள். சிவகாசிப் பக்கத்தில் ஏற்றத்தாழ்வு குறைந்துவருகிறது என்பது அதில் கண்ட முடிவு. பெரிய முதலாளிகள் குறைந்திருக்கிறார்கள், சிறிய முதலாளிகள் பெருகியிருக்கிறார்கள். தீர்வைச் சலுகை எதிர்பார்த்த பலனைக் கொடுத்திருக்கிறது.

மருந்துக்காரரை நான் எழுதிய பத்தியில் காணோம். தேடிப் பார்த்தேன். சிறு உற்பத்தியாளர் என்ற பத்திக்கு அவரை மாற்றியிருந்தார்கள்.

பேராசிரியரிடம் போய்க் கேட்டேன். அவர் பொறுமையாகப் பேசினார். "உரிமம் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் உற்பத்தியாளர். இந்த வரையறையை நாம் ஆரம்பத்திலேயே வைத்துக்கொண்டோம்."

"அவர் வாரக் கூலி வாங்கினவர் சார். நான் நேரில் பார்த்தவள்."

"இருக்கலாம். ஒருவரை மாற்றினால் அதே மாதிரி இருக்கும் எல்லோரையும் மாற்ற வேண்டும்."

"எல்லோரையும் மாற்றுங்கள் சார்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.  அவர் கெட்டவர் இல்லை. இந்தச் சலுகையைப் பெரிய கம்பெனிக்காரர்கள் ஒழிக்கப் பார்க்கிறார்கள் என்றும், அது ஒழிந்தால் உண்மையிலேயே சின்னவனாக இருப்பவனும் சேர்ந்து அழிவான் என்றும் அவருக்குப் பயம் இருந்தது. அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது.

"எல்லோரையும் மாற்றினால் இந்த ஆய்வே இல்லை" என்றார் கடைசியில்.

அப்படியானால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். எடுத்துவிட்டார். எனக்குக் கிடைக்கவிருந்த வேலையும் அதோடு போயிற்று. அக்காவிடம் வந்து சொன்னபோது அவள் திட்டவில்லை. விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள். அதைச் சொன்னாள். சில காலம் அங்கே உண்மையிலேயே டீச்சராக இருந்தேன். பிறகு ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. ஒரு சலுகை யாருக்கென்று எழுதப்படுகிறது, யாரிடம் போய்ச் சேருகிறது என்பதை மட்டும் விடாமல் தேடிக்கொண்டிருந்தேன். நான் எழுதியவற்றைச் சிலர் படித்தார்கள். தீர்வை முறை எத்தனையோ தடவை மாறியது. ஒவ்வொரு தடவையும் சுவர்கள் அதற்கேற்ற மாதிரி எழும்பின.

அவர் சிறையில் இருந்தபோதே அண்ணாச்சி கொட்டகையைச் சரிசெய்து ஓடு மாற்றிவிட்டார். அந்த அறைக்குப் புதிதாக ஒரு லைசென்ஸ் வேண்டியிருந்தது. அண்ணாச்சியின் கணக்குப்பிள்ளை மருந்துக்காரரின் வீட்டுக்குத்தான் போனார். அவருடைய பெண்டாட்டியின் பேரில் எடுக்கலாம் என்றும், கூலி கூட்டித் தருவார்கள் என்றும் சொன்னார். அவளுக்கு எழுதத் தெரியாது. கைநாட்டு வைத்தால் போதும் என்றிருக்கிறார்.

இதை அவளே என்னிடம் பிறகு சொன்னாள். "நான் பசைக் கைய அவருக்கு முன்னால காட்டுனேன் டீச்சர். 'இந்தக் கை ஒட்டுற பெட்டிக்குக் கூலி குடுங்க. வேற எதுக்கும் இந்தக் கை வராது'ன்னேன். சரின்னு போயிட்டாரு."

அடுத்த வாரத்திலிருந்து அவளுக்கு அட்டை வரவில்லை. பக்கத்துக் கம்பெனிகளில் கேட்டாள். அங்கேயும் இல்லை என்றுவிட்டார்கள். சீசன் நேரத்தில், ஆள் கிடைக்காமல் தவிக்கும் நேரத்தில் இல்லை என்றார்கள். தெருவில் யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அவளுக்காகப் பேசவும் இல்லை. அவள் வீட்டைப் பூட்டிவிட்டு மல்லாங்கிணற்றில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். வெளியே வந்த புருஷனும் அங்கேயே போய்ச் சேர்ந்தார்.

அறுபதுகள் முடியும் காலத்தில் ஒருமுறை நான் அங்கே போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி விசாரித்துக்கொண்டு நடந்தால், ஊருக்கு வெளியே வேலமர நிழலில் அவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, கும்பிடக் கைகளைத் தூக்கினார். விரல்கள் சேரவில்லை.

"நல்லா இருக்கீகளா டீச்சர்? இன்னமும் வீடு வீடாப் போயிக் கேக்கீகளா?"

"இல்ல. இப்ப காலேஜ்ல பாடம் நடத்துறேன்."

"என்ன பாடம்?"

"வரி. யாருகிட்ட வாங்குறது, யாருக்கு விடுறதுங்கிற பாடம்."

 அவர் ஏதோ கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். ஒரு ஆடு பக்கத்துக் காட்டுக்குள் இறங்கியது. கம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு அதன் பின்னால் போய்விட்டார்.

பெண்டாட்டி எதிர்க்காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் சேலையை மடித்துக் கட்டி, அதில் பருத்தி நிறைந்து வயிறு பெருத்தவள் போலத் தெரிந்தாள். என்னைப் பார்த்து வரப்புக்கு வந்தாள். வெயிலில் கறுத்து, முன்னைவிட மெலிந்திருந்தாள். வழக்கம்போல, சாப்பிட்டீகளா என்றாள். தூக்குவாளியில் இருந்த கஞ்சியை என்னையும் குடிக்கச் சொன்னாள். கொஞ்சம் வாங்கிக் குடித்தேன்.

"பருத்தி முடிஞ்சா என்ன வேலை?" என்று கேட்டேன்.

"மொளகாப் பழம் எடுக்கக் கூப்பிடுவாக. அதுக்கப்புறம் மளையப் பொறுத்துத்தான்."

"அவரு கைக்கு இங்க எங்கயாவது காட்டினீங்களா? அக்காகிட்ட சொல்லி மதுரைக்கு ஏற்பாடு பண்ணலாம்."

"காட்டுனோம். நரம்பு செத்துப்போச்சுன்னுட்டாக." அவள் தூக்குவாளியை மூடினாள். "சாயந்தரம் பருத்திய எடை போடுவாக டீச்சர். எடை கொறைஞ்சா அண்ணன் பெண்டாட்டி மூஞ்சி ஒரு மாதிரி ஆயிரும். நீங்க இருந்து எங்க வீட்டுக்காரரோட பேசிட்டுப் போங்க."

அவள் பருத்திச் செடி வரிசைக்குள் இறங்கிக் குனிந்துகொண்டாள். நான் அவர் திரும்பி வரும்வரை வேலமரத்தடியில் இருந்தேன். வந்ததும் ஆடுகளின் விலையைப் பற்றியும் அந்த வருட மழையைப் பற்றியும் பேசினார். விருதுநகர் பஸ் வரும் நேரம் ஆனதும் ரோடு வரைக்கும் கூடவே நடந்து வந்தார்.